ஆடி மாதத்துக் கல்யாணம்

முகத்தை நான் சீக்கிரம் மறந்துவிடுவேன். நரம்பை மறக்க மாட்டேன். ரத்தம் எடுக்கிற வேலையில் இத்தனை காலம் இருந்தால் அப்படித்தான் ஆகிவிடுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அம்மாளின் கையைப் பார்த்ததும், இவங்களுக்கு இடது கையில்தான் சட்டென்று வரும் என்று மனசு தானாகச் சொல்லும். நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்திக்கு இரண்டு கையிலும் நல்ல எடுப்பான நரம்பு. ஆனால் நான் அவளை நினைத்துக்கொண்டிருப்பது அதற்காக இல்லை. கல்யாணப் பட்டு கட்டிக்கொண்டு, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்த ஒரே ஆள் அவள்தான். பிறகு மற்றவர்களும் அப்படி வந்தார்கள் என்றால் அதுவும் அவள் செய்த வேலை.

அவள் பெயரை எழுத மாட்டேன். நம்பிக்கை மையம் என்று அரசாங்கம் பெயர் வைத்திருக்கிற எங்கள் பரிசோதனை அறையில் முதல் பாடமே வாயைக் கட்டுவதுதான். வருகிறவர்கள் பெயர் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. அவளுக்கு அந்த நோய் இருந்ததா இல்லையா என்று கேட்பீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவள் குற்றாலத்தில் பாலியல் தொழில் செய்தவள். அதோடு ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தன்னைப் போன்ற பெண்களுக்கு ஆணுறை கொடுப்பது, அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்து வருவது என்று இன்னொரு வேலையும் பார்த்தவள். இதைச் சொல்லலாம். ஏனென்றால் இதை அவளே யாரிடமும் மறைத்ததில்லை.

தென்காசியில் நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எங்கள் அறை நீளமான நடையின் கடைசியில் இருந்தது. அந்த நடையில் எங்களிடம் வருகிறவர்களைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பல் டாக்டரைத் தேடுகிறவர்கள் மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி நொடியில் சட்டென்று உள்ளே நுழைவார்கள். பெண்கள் முந்தானையால் பாதி முகத்தை மூடியிருப்பார்கள். ஆண்கள் மொபைலைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே வருவார்கள். போனில் அந்தப் பக்கம் ஆளே இருக்காது.

ஆனி மாதம், வெளியே சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா அந்த நடையின் நட்டநடுவே வந்தாள். கிளிப்பச்சைப் பட்டு, அரக்குக் கரை, கை நிறையக் கண்ணாடி வளையல். வழியில் இருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். மண்டபத்துக்குப் போகிற வழியில் யாரையோ பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, எந்தக் கல்யாணத்துக்கு என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வளையலை முழங்கை வரை தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

"இங்கனதான் வந்தேன். நல்ல காரியமா வந்திருக்கேன், ஊசியம்மா, சிரிச்ச மொகமா குத்துங்க" என்றாள்.

அன்றிலிருந்து நான் ஊசியம்மா. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

இந்தப் பட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. பல வருஷத்துக்கு முன் அடிவயிற்று வலியோடு அவள் ஏதோ ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். கட்டியிருந்தது பழைய நைலக்ஸ் சேலை. என்ன தொழில் என்று கேட்டார்களாம், உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் வரை சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். மறுநாள் லாட்ஜில் கூட இருந்தவளின் பட்டை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனாள். அதே நர்ஸ், வாங்கம்மா என்று நாற்காலி போட்டாளாம். நேற்று வந்தது இவள்தான் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இந்தக் கதையை அக்கா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். "நோய்க்குப் பட்டு தெரியாது, பாக்குறவனுக்குத் தெரியும்லா" என்பாள்.

அவள் அழைத்து வருகிற பெண்களுக்கெல்லாம் இதுவே சட்டம் ஆனது. ஆஸ்பத்திரிக்கு வருவதானால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வரவேண்டும். இல்லாதவர்களுக்கு இரவல் கொடுப்பாள்; இரவல் பட்டுக்கென்றே ஒரு டிரங்குப் பெட்டி வைத்திருந்தாள். குற்றாலம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் வேன் பிடித்துக் கூட்டமாக வருவார்கள். எங்கள் அறைக்கு வெளியே பெஞ்சு முழுக்கப் பட்டும் பூவுமாக இருக்கும். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்த கிழவர் ஒருவர் என்னிடம் வந்து, உள்ளே பெண் பார்க்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். பரிசோதனை முடிந்து, பக்கத்தில் பால்வினை நோய்களுக்கென்று இருந்த சுகவாழ்வு மையத்தில் வெள்ளைப்படுதலுக்கும் புண்ணுக்கும் டாக்டரைப் பார்த்துவிட்டு, எல்லாரும் மொத்தமாகக் கிளம்புவார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தியும் போனதில்லை.

ஒரு முறை அந்தக் கூட்டத்தோடு ஒரு சின்னப் பெண் கசங்கிய நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக வந்தாள். லாட்ஜில் இருந்து அப்படியே எழுந்து ஓடி வந்திருக்கிறாள், கண்கள் அழுது வீங்கியிருந்தன. சட்டப்படி அக்கா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தன் தலையில் இருந்த பிச்சிச் சரத்தை அவிழ்த்து அந்தப் பெண்ணின் தலையில் வைத்து, ஊக்கு குத்தி, கன்னத்தைத் தட்டி, இப்ப சரியா இருக்கு என்று சொல்லி உள்ளே அனுப்பினாள். அன்று முழுக்க அக்கா வெறும் தலையோடு இருந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கல்யாண வீட்டுச் சங்கதிகளில் அவளுக்கு இன்னொரு பயனும் இருந்தது: தாம்பூலப் பை. மண்டபத்தில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுப்பார்களே, மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்த அந்தப் பை. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் மண்டபங்களில் மிச்சப்பட்ட பைகளை அவள் வாட்ச்மேன்களிடம் சொல்லி வைத்து வாங்கிவிடுவாள். அடியில் ஆணுறைப் பெட்டிகள், மேலே ஒரு தேங்காய். குற்றாலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவாள். தாம்பூலப் பைக்குள் கையை விட்டுப் பார்க்கிற துணிச்சல் போலீஸ்காரருக்கும் கிடையாது, லாட்ஜ் மேனேஜருக்கும் கிடையாது. ஊரார் வாழ்த்தோடு கல்யாணமான எத்தனையோ தம்பதிகளின் பெயர் அந்த ஆணுறைகளுக்குக் காவல் இருந்தது என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்னவோ. எனக்கு அது நல்ல புண்ணியமாகத்தான் படுகிறது.

வருகிறவன் உறை வேண்டாம் என்று அடம்பிடித்தால் என்ன சொல்வது என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவள் கெட்டிக்காரி. அருவிக்கு வருகிறவன் எவனும் எண்ணெய் தேய்க்காமல் குளிப்பதில்லை, அதற்கு அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறான், இதற்கு மட்டும் என்ன அவசரம் என்று கேட்கச் சொல்வாள். கேட்டு அவன் சிரித்துவிட்டால் காரியம் முடிந்தது. சிரிக்காதவனிடம் இருந்து எழுந்து வந்துவிட வேண்டும். சிரிக்கத் தெரியாதவன் அடிப்பான் என்பது அவள் அனுபவம்.

சீசன் முடிந்ததும் ஒரு பை மங்குஸ்தான் பழத்தோடு வந்து என் மேசை எதிரில் உட்காருவாள். யார் எவர் என்று கேட்க மாட்டாள். அவள் கூட்டி வந்தவர்களில் புதிதாக யாருக்காவது வந்திருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. நான் இல்லை என்று தலையை ஆட்டிய வருஷம் மேசையிலேயே பழத்தை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். அதற்கு அடுத்த வருஷமும் இல்லை என்றுதான் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் எவ்வளவு அலைச்சல் இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் நான் இந்த வேலைக்கு வந்ததற்காகச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் மாரி அந்த இரண்டு வருஷத்துக்கும் முந்தி வந்தவள். மாரி என்பது நான் வைத்த பெயர்; ஊரையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

மாரி கீழப்பாவூரில் ஒரு தெருக்கோடி அறையில் வாடகைக்கு இருந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டினவன் கேரளாவில் ரப்பர் வெட்டப் போய்த் திரும்பி வரவில்லை. சீசன் நாட்களில் குற்றாலம் போய்வருவாள். கர்ப்பமாக இருப்பது தெரிந்த கையோடு அக்கா அவளை எங்களிடம் அழைத்து வந்தாள். ஒரு முறை பார்த்தேன்; விதிப்படி வேறு வேறு முறையில் மறுபடியும் பார்த்தேன். இருந்தது. எங்கள் ஆலோசகர் அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். இன்றிலிருந்து தினமும் மாத்திரை, ஒரு வேளையும் தவறாமல். பிரசவம் ஆஸ்பத்திரியில். பிள்ளைக்குப் பிறந்ததும் சொட்டு மருந்து. இப்படி இருந்தால் பிள்ளைக்கு வராமல் தப்பிக்க ரொம்பவும் வாய்ப்பு உண்டு. மாரி கேட்டது ஒன்றுதான்: பிள்ளைக்கு வராதா. தனக்கு என்ன ஆகும் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

சிக்கல் மாத்திரையில் இல்லை, வீட்டுக்கார அம்மாளிடம் இருந்தது. மாரி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி, தெருவே ஆச்சி என்று கூப்பிடும் கனத்த சரீரம். நாள் முழுக்க வாசலில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் விசாரித்து அனுப்புவாள். மாதா மாதம் மாரி தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனால் எதற்கு என்று கேட்காமல் விட மாட்டாள். விஷயம் தெரிந்தால் அன்றே சாமான் தெருவுக்கு வந்துவிடும். மாரி பயந்து போய், மாத்திரையே வேண்டாம், விதிப்படி நடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அக்கா அதற்குக் கல்யாணத்தைத்தான் பிடித்தாள். பட்டு கட்டி, பூ வைத்துப் போகிற பெண்ணை எங்கே போகிறாய் என்று நம் ஊரில் யாரும் சந்தேகமாகக் கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு என்றால் அதோடு பேச்சு முடிந்தது. மாத்திரை வாங்கும் நாளில் அக்கா கீழப்பாவூர் போவாள், இருவரும் பட்டில் கிளம்புவார்கள், வரும்போது தாம்பூலப் பை. அடியில் ஒரு மாத மருந்து, மேலே தேங்காய். ஆச்சிக்குத் தேங்காய்ப் பாதி போய்விடும். வைகாசியில் நடந்தது, ஆனியில் நடந்தது. ஆடியும் வந்தது.

இருவருக்கும் அது தோன்றவே இல்லை. பட்டும் பூவுமாக வாசல் படி இறங்கிய பிறகுதான் ஆச்சி சுளகில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாளாம்.

"ஏட்டி, ஆடி மாசத்துல எவன் கல்யாணம் வைக்கான்?"

மாரிக்கு ஆறு மாத வயிறு. முந்தின நாள் ராத்திரியோடு மாத்திரை தீர்ந்து போயிருந்தது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தென்காசியில பாய் வீட்டுக் கல்யாணம் ஆச்சி. அவங்களுக்கு ஏது ஆடியும் மார்கழியும்?"

ஆச்சி அதை ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டது மட்டும் இல்லை, சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பிரியாணி உண்டும்லா, இரு, நானும் வாரேன் என்று உள்ளே போய் சுங்குடிச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

மண்டபத்தில் நடந்ததெல்லாம் அன்று மத்தியானம் அக்கா எங்கள் அறையில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதுதான். மிச்சப் பைகளுக்காக எல்லா மண்டபத்தோடும் தொடர்பு வைத்திருந்ததால், எந்த நாளில் எங்கே கல்யாணம் என்பது அவளுக்கு அத்துப்படி. அன்றைக்குத் தென்காசியில் உண்மையிலேயே ஒரு நிக்காஹ் இருந்தது. மூன்று பேரும் பஸ்ஸில் வந்து இறங்கி நேராகப் பெண்கள் பக்கம் போனார்கள். வாசலில் நின்ற அம்மாள் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று விசாரித்தாள். ரெண்டு வீட்டுக்கும் வேண்டியவுக என்றாள் அக்கா. அதற்கு மேல் அந்த அம்மாள் கேட்கவே இல்லை, மாரியின் வயிற்றைப் பார்த்துவிட்டாள். வயித்துப்பிள்ளைக்காரி நிக்கக் கூடாது என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், காற்றாடிக்கு நேர் கீழே உட்கார வைத்து, நல்ல துண்டாகப் பார்த்து இலையில் வைத்தாளாம். ஆச்சியும் உட்கார்ந்தாள். ஆட்டோவில் குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லி அக்கா அங்கிருந்து நழுவி எங்களிடம் ஓடி வந்தாள்.

மருந்து கொடுக்கிற டாக்டர் கண்டிப்பானவர். நோயாளி ஏன் வரவில்லை என்று கேட்டார். அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அவ பந்தியில இருக்கா சார்."

அந்த டாக்டர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சில நாளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, அதற்குள் ஆளை நேரில் கூட்டிவரச் சொன்னார். ஆச்சி கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு நாளாகப் பார்த்து அக்கா அழைத்து வந்துவிட்டாள்.

கல்யாணத்தன்று நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் காட்சிதான். அக்கா மண்டபத்துக்கு ஓடிப்போய் மாத்திரையை மாரியின் தாம்பூலப் பைக்குள் வைத்துவிட்டாள். திரும்பும்போது வயித்துப்பிள்ளைக்காரி சுமக்கக் கூடாது என்று ஆச்சி அந்தப் பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கீழப்பாவூர் வரைக்கும், இனிப்புப் பெட்டிக்கு அடியில் இருந்த எச்.ஐ.வி. மாத்திரையைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவள்தான். அதற்குப் பிறகு தெரு முழுக்க அந்தப் பிரியாணியின் பெருமையை அவளே பேசினாள். மார்கழியில் சர்ச்சில் வேதக்கார வீட்டுக் கல்யாணம் என்றபோது, அங்கே கேக்குதான் கொடுப்பாங்க, நான் வரலை என்று சொல்லிவிட்டாளாம். மூன்று மதமும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது என்று ஆலோசகர் அண்ணாச்சி சொல்வார்.

பிள்ளை ஐப்பசி அடைமழையில் பிறந்தது. பெண். வலி வந்து மாரி ஆட்டோவில் கத்திக்கொண்டிருக்க, அக்கா குற்றாலத்தில் இருந்து வந்து சேர்ந்தது நல்ல மயில்கழுத்துப் பட்டில். இந்த நேரத்தில் இது தேவையா என்று நான் கடிந்துகொண்டேன். பிள்ளை முதல்முதலா கண்ணு முழிச்சிப் பாக்குறது நல்லதா இருக்கட்டும் என்றாள். பிறந்த உடனே சொட்டு மருந்து கொடுத்தார்கள். சில வாரம் கழித்து நான் அந்தக் குட்டிக் குதிகாலில் குத்தி, சொட்டுகளை அட்டையில் காயவைத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இல்லை என்று வந்தது. ஆனாலும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. ஒன்றரை வயதுக்குப் பிறகு, பால் மறந்த பின் செய்கிற கடைசிப் பரிசோதனை வரைக்கும் நாங்கள் முடிவு என்று சொல்ல மாட்டோம்.

அந்த ஒன்றரை வருஷமும் மாரி மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் ஓடி வருவாள். எடை குறைந்ததுபோல் தோன்றினால் ஓடி வருவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு வயசு நிறைவதற்குள் மொட்டை போட்டுக் காது குத்தியாகிவிட்டது. இவள் மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். பெண்பிள்ளை மூளிக் காதோடு திரிகிறதே என்று ஆச்சி நச்சரித்தாள். எத்தனை பேருக்குக் குத்தினாலும் ஆசாரி ஆளுக்கொரு புது ஊசி எடுக்கவேண்டும், எந்தப் பிள்ளைக்கும் அதுதான் முறை, அதை நானே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் சொன்னேன். அக்கா கோபித்தும் பார்த்தாள். மாரி அசையவில்லை.

"ரத்தம் வரும்லா யக்கா. அதை யாரு தொடைப்பா?" என்றாள்.

தொட்டால் ஒட்டிக்கொள்ளாது என்று எங்கள் அறையில் சுவர் முழுக்க எழுதி ஒட்டியிருக்கிறோம். மாரிக்கு அது மனப்பாடம். ஆனால் தன் விரலில் காய் நறுக்கும்போது வெட்டுப்பட்டால்கூடப் பிள்ளையைப் பக்கத்தில் விட மாட்டாள். தன் ரத்தத்தின் மேல் அவளுக்கு இருந்த பயம் பிள்ளையின் ரத்தத்தின் மேலும் படிந்திருந்தது. அன்றோடு அக்கா காதுகுத்துப் பேச்சை விட்டுவிட்டாள்.

கடைசிப் பரிசோதனை சித்திரை வெயிலில் வந்தது. அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் வளையல்களை உருட்டிக்கொண்டிருந்தது. மாரி சுவரைப் பார்த்து நின்றாள். நான் ரத்தம் எடுத்து, பரிசோதனைப் பட்டையில் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு கோடு விழும், அது பட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு. இன்னொரு கோடு விழுந்தால் நோய். ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான், அன்று மட்டும் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதல் கோடு விழுந்தது. காத்திருந்தேன். அக்கா பட்டையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தது. இன்னொரு கோடு வரவில்லை.

முடிவைச் சொல்வது ஆலோசகர் வேலை, நான் சொல்லக் கூடாது. அண்ணாச்சியிடம் பட்டையைக் காட்டினேன். அவர் எழுந்து போய், மாரிக்கு நேராக நின்று, பிள்ளைக்கு இல்லம்மா, இனி அந்தப் பேச்சே இல்லை என்றார். மாரி திரும்பி என்னைப் பார்த்து, இன்னொரு தடவை பாருங்க என்றாள். தேவையில்லைதான். பார்த்தேன். இல்லை. அப்புறம்தான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே நடையில் போய், எதிரில் வந்த டாக்டரிடம், சார், காதுகுத்து வச்சிருக்கோம், நீங்க அவசியம் வரணும் என்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எங்களுக்குக் கேட்டது. நாள்கூட அப்போது குறிக்கவில்லை.

வைகாசியில், கீழப்பாவூருக்கு வெளியே வயல்காட்டில் இருக்கும் ஒரு சின்ன அம்மன் கோயிலில் வைத்தார்கள். குற்றாலத்தில் இருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள், எல்லாரும் பட்டில். அன்றைக்கு யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லலாம்: காதுகுத்துக்கு வந்திருக்கிறோம். ஆச்சி முன்னால் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்தாள். இவங்கள்லாம் யாரு என்று அவள் மாரியிடம் கேட்டதற்கு, எங்க அக்கா வீட்டு ஆளுக என்று மாரி சொன்னாள்.

மொட்டை போட்டாயிற்று. ஆசாரி ஊசியையும் கம்மலையும் எடுத்து வைத்தார். புது ஊசிதானா என்று நான் பார்த்துக்கொண்டேன். அப்புறம் அவர் தலையைத் தூக்கி, தாய்மாமன் எங்கம்மா, வந்து பிள்ளையை மடியில் வச்சுக்கச் சொல்லுங்க என்றார்.

மாரிக்கு இரண்டு அண்ணன்மார் உண்டு. அவள் பேரைச் சொல்லியே பல வருஷம் ஆனவர்கள். மாரி பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அக்கா ஒரு தட்டோடு முன்னால் வந்தாள். அதில் பட்டுப் பாவாடை, வாழைப்பழம், வெல்லம் கலந்த பச்சரிசி. தட்டை ஆசாரிக்கு முன்னால் வைத்துவிட்டு, கிளிப்பச்சைப் பட்டை ஒதுக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பிள்ளையை இங்கன குடு" என்றாள்.

பொம்பளையாள் உட்காருகிற வழக்கம் இல்லையே என்று ஆசாரி தயங்கினார்.

"நான்தான் மாமன். சீர் கொண்டாந்திருக்கேன்லா, பொறவு என்ன?"

ஆசாரி ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவ சொல்லுதது சரிதான், குத்தும் என்றாள்.

பிள்ளை கோயிலே அதிரும்படி அலறியது. ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்து, காது மடலில் நின்றது. பழக்க தோஷத்தில் என் கை பைக்குள் பஞ்சைத் தேடியது. அதற்குள் மாரி குனிந்து, வெறும் விரலால் அதைத் துடைத்து, விரலைத் தன் பட்டிலேயே தேய்த்துவிட்டாள். விரலைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை, பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

அக்கா பார்த்தாள். மூக்கை ஒரு தரம் உறிஞ்சிக்கொண்டாள். பிறகு அந்த மொட்டைத் தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "ம், இந்தக் காதையும் குத்தும்" என்றாள்.